பிரான்சன் நகரின் குடும்பக் கொட்டகைகள்

நாடகக் குழு ஒன்று ஓர் ஊரில் முகாமிட்டால், அவ்வூரார் அனைவரும் ஒரு முறை பார்த்து முடிக்கும்வரைதான் அதற்கு வருவாய். பின்னர்த் திரைகளைச் சுருட்டி, பெட்டிகளைக் கட்டி, அடுத்த ஊரை நோக்கிப் புறப்பட வேண்டும். கலைஞர் குழுக்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கும் வழி இது. இதற்கு நேர்மாறான வழி ஒன்றும் உண்டு. கொட்டகை ஓரிடத்தில் நிலையாக நிற்க, காண்போர் நாடோறும் மாறி மாறி வந்துகொண்டிருப்பது அவ்வழி. சுற்றுப்பயணிகள் கூடும் ஊரில்தான் இது நடைபெறக் கூடும்.

அத்தகைய ஊர்களுள் பெயர் பெற்றது அமெரிக்காவின் மிஸௌரி மாநிலத்திலுள்ள பிரான்சன். 1990-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்தோர் 4,000 பேருக்கும் குறைவு. ஆயினும் அச்சிற்றூரின் நெடுஞ்சாலை ஒன்றின் இருமருங்கிலும் இசைக் கொட்டகைகள் வரிசையாக எழுந்தன. அவற்றுள் முன்னோடியாய் நின்றவை பெரிய நிறுவனங்கள் கட்டியவை அல்ல. அண்ணன் தம்பிகளும் தந்தையும் மகனும் சேர்ந்து தொடங்கியவை. ஒரு குடும்பம் தன் கையிலுள்ள பாட்டையும் நகைச்சுவையையும் முதலாகக் கொண்டு எவ்வாறு ஒரு கொட்டகையைத் தலைமுறை தலைமுறையாக நடத்த முடிந்தது என்பது ஆராய்தற்குரியது.

ஊர் உண்டான வகை

பிரான்சன் இருப்பது ஓசார்க் மலைப்பகுதியில், ஆர்கன்சா மாநில எல்லைக்கு அருகில். மண் வளம் குறைந்த மேடும் பள்ளமுமான நாடு அது. 1906-இல் இருப்புப்பாதை அங்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே ஹரோல்டு பெல் ரைட் என்ற சமய போதகர் அம்மலைவாழ் மக்களைப் பாத்திரங்களாக்கி எழுதிய நாவல் ஒன்று வெளியாயிற்று. ‘மலைகளின் ஆயன்’ என்று பொருள்படும் பெயருடைய அந்நூலை நாடெங்கும் மக்கள் விரும்பிப் படித்தனர். படித்தவர்கள் கதை நடந்த இடங்களைக் காண இரயிலேறி வந்தனர். இவ்வாறு ஒரு நாவல் ஓர் ஊருக்கு வழிகாட்டியாயிற்று.

1913-இல் வெள்ளையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையால் டேனிகோமோ ஏரி தோன்றியது. 1958-இல் டேபிள் ராக் அணை முடிவுற்றபோது அதனினும் பெரிய ஏரி அமைந்தது. மீன் பிடிப்போரும் படகு செலுத்துவோரும் கோடைதோறும் குடும்பத்துடன் வரலாயினர்.

ஊருக்கு அருகிலுள்ள மார்வெல் குகை மற்றொரு கவர்ச்சி. அதனை 1894-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவர் வில்லியம் ஹென்றி லிஞ்ச். அவருக்குப்பின் அவருடைய புதல்வியர் அதனை நடத்தினர். அவர்களிடமிருந்து 1950-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தவர்கள் ஹியூகோ ஹெர்ஷெண்டு, மேரி ஹெர்ஷெண்டு தம்பதியர். 1955-இல் கணவர் மறைந்ததும், மனைவியும் இரண்டு மக்களும் பொறுப்பேற்றனர். குகைக்குள் செல்ல முறை வருமட்டும் வெளியே காத்திருப்போர்க்குப் பொழுதுபோக வேண்டுமே என்று, பழங்கால மலைக் கிராமம் ஒன்றை 1960-இல் அமைத்தனர். அதற்கு ‘வெள்ளி டாலர் நகர்’ எனப் பெயரிட்டனர். வந்தோர்க்கு மீதிச் சில்லறையை வெள்ளி டாலர் நாணயங்களாகவே கொடுத்தனர். ஊர் திரும்புவோர் வழியிலுள்ள எண்ணெய் நிலையங்களிலும் உணவுக் கடைகளிலும் அந்நாணயத்தை நீட்ட, “இது எங்கே கிடைத்தது?” என்று கேட்காதவர் இல்லை. செலவில்லாத விளம்பரம் நெடுந்தொலைவு பரவிற்று. குடும்பத் தொழிலுக்கு ஊர் கற்றுக்கொண்ட முதற் பாடங்களுள் இஃது ஒன்று.

நான்கு உடன்பிறந்தார்

பகலெல்லாம் ஏரியிலும் குகையிலும் கழிந்துவிடும். இருட்டியபின் பயணிகள் என்ன செய்வர்? இக்கேள்விக்கு 1959-இல் விடை கண்டவர்கள் மேப் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சகோதரர்கள்: பில், ஜிம், லைல், பாப். ஏரிக்கரையிலிருந்த சிறு கட்டடம் ஒன்றில் மடக்கு நாற்காலிகளைப் பரப்பிப் பாடத் தொடங்கினர். அவர்களுடைய இசைக்கருவிகள் வீட்டில் இருந்தவையே. துணி துவைக்கும் தகரத் தொட்டியில் கழியும் கயிறும் பூட்டி மந்தர ஒலி எழுப்பினர். துணி தேய்க்கும் பலகை தாளக் கருவியாயிற்று. கோவேறு கழுதையின் தாடை எலும்பும் மேடையேறிற்று.

அவர்கள் சூட்டிக்கொண்ட பெயர் ‘பால்டுநாபர்ஸ்’. மொட்டைக் குன்றினர் என்று அதற்குப் பொருள். 1880-களில் அவ்வட்டாரத்தில், மரமற்ற குன்றுகளின் உச்சியில் கூடிச் சட்டத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்ட முகமூடிக் கூட்டத்தின் பெயர் அது. பாட்டன்மார் அஞ்சிய பெயரைப் பேரர்கள் சிரிப்புக்குரியதாக்கினர்.

முதலில் சில பத்துப் பேருக்குப் பாடியவர்கள், கூட்டம் பெருகப் பெருக இடம் மாற்றி, 1968-இல் நெடுஞ்சாலை 76-இல் தமக்கெனக் கொட்டகை கட்டினர்.

தட்டையான தரை

அச்சாலையில் அவர்களுக்கு முன்பே, 1967-இல், முதற் கொட்டகையை எழுப்பியது பிரெஸ்லி குடும்பம். உலகப் புகழ் பெற்ற பாடகர் எல்விஸ் பிரெஸ்லியுடன் இவர்களுக்கு உறவில்லை. லாயிட் பிரெஸ்லியும் அவர் மகன் கேரியும் அதற்குமுன் குகைகளில் நிகழ்ச்சி நடத்தி வந்தவர்கள். சேர்த்த பொருளைப் போட்டு நிலம் வாங்கிக் கட்டடம் கட்ட முனைந்தபோது, அதன் தரை குறித்து ஒரு முடிவெடுத்தனர்.

கலையரங்கின் தரை மேடையை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அப்பொழுதுதான் பின்வரிசையில் இருப்போர்க்கும் மேடை தெரியும். இஃது அரங்கம் கட்டுவோர் அறிந்த பொது விதி. பிரெஸ்லிகளோ தரையைத் தட்டையாகவே அமைத்தனர். பாட்டுக் கேட்க ஆள் வராமற் போனால் ஏரிப் படகுகளை நிறுத்தி வைக்கும் கிடங்காக அக்கட்டடத்தை மாற்றிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. ஏரி அருகில் இருக்கிறது, படகு வைத்திருப்போர் நிறையப் பேர், கட்டடம் வீண்போகாது. சுமார் 360 நாற்காலிகளுடன் தொடங்கிய அக்கொட்டகையில் படகுகளுக்கு இடம் தேவைப்படவே இல்லை. பின்னர்ப் பலமுறை விரிவாக்கப்பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்டதாக அது வளர்ந்தது.

குடும்ப முதலீட்டின் இயல்பு முழுவதையும் இத்தட்டைத் தரையில் காணலாம். நிறுவனம் தோற்றால் பங்குதாரர் பலர் சிறிது சிறிதாக இழப்பர். குடும்பம் தோற்றாலோ வீடும் நிலமும் போகும். ஆதலால் துணிவும் அச்சமும் ஒரே கட்டடத்தில் இடம்பெற வேண்டியிருந்தது.

இருக்கை எனும் சரக்கு

அரிசிக் கடையில் இன்று விற்காத மூட்டையை நாளை விற்கலாம். கொட்டகையில் இன்றிரவு காலியாகக் கிடந்த இருக்கையை நாளை விற்க இயலாது. இதுவே இத்தொழிலின் முதற் சங்கடம்.

எடுத்துக்காட்டாக, 800 இருக்கைகள் கொண்ட கொட்டகை ஒன்றைக் கற்பனை செய்வோம். நுழைவுச்சீட்டு 30 டாலர். ஒரு காட்சிக்கு ஆகும் செலவு 12,000 டாலர். 400 பேர் வந்தால் வரவும் செலவும் சமமாகும். அதற்குமேல் வரும் ஒவ்வொருவரும் பெரும்பாலும் இலாபமே. அதற்குக் கீழே குறையும் ஒவ்வொருவரும் நட்டமே. வந்தோர் பத்துப் பேராயினும் விளக்கும் கடன் வட்டியும் காப்புறுதியும் குறைவதில்லை.

இனி, அந்த 12,000 டாலரில் 4,000 டாலர் கலைஞர் ஊதியம் என்றும், அக்கலைஞர் அனைவரும் அவ்வீட்டாரே என்றும் கொள்வோம். கூட்டம் குறைந்த மாதத்தில் அவர்கள் தம் ஊதியத்தைத் தள்ளி வைத்துக்கொள்வர். அப்பொழுது செலவு 8,000 டாலராகச் சுருங்க, 267 பேர் வந்தாலே கொட்டகை பிழைக்கும். கூலிக்கு வந்த பாடகர் இவ்வாறு காத்திருக்கமாட்டார். குடும்பக் கொட்டகையின் வலிமை இவ்விடத்திலேயே இருக்கிறது. அதன் கொடுமையும் இவ்விடத்திலேயே. நட்டத்தைத் தாங்குவது அவ்வீட்டு அடுக்களையாகும்.

பருவமும் இத்தொழிலை ஆட்டிவைக்கிறது. சனவரி, பிப்ரவரி மாதங்களில் குளிர் மிகுதியால் பெரும்பாலான கொட்டகைகள் மூடப்பட்டிருக்கும். கோடையில் பிள்ளைகளுடன் குடும்பங்கள் வருகின்றன. பள்ளி திறந்தபின், இலையுதிர் காலத்தில், ஓய்வுபெற்ற முதியோர் பஸ்களில் குழுக் குழுவாக வருகின்றனர். முன்பு அக்டோபரோடு ஊர் அடங்கிவிடும். கிறிஸ்துமஸ் பாடல்களைக் கொண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கெனத் தனி நிகழ்ச்சிகள் அமைக்கத் தொடங்கிய பின்னர், பருவம் இரண்டு மாதம் நீண்டது. குடும்பங்களுக்கு அந்நீட்சி பெரும் பேறாயிற்று.

சீட்டு விற்பனையும் எளிதன்று. நூறு பேரை ஒருசேர அழைத்து வரும் பஸ் ஏற்பாட்டாளருக்குக் குறைந்த விலையில் சீட்டுத் தர வேண்டும். சாலையோரங்களில் பாதி விலைக்குச் சீட்டு என்று பலகை மாட்டிய கடைகள் உண்டு. விடுமுறை வீடு விற்போர், தம் பேச்சைக் கேட்க வருவோர்க்குக் காட்சிச் சீட்டை அன்பளிப்பாகத் தருகின்றனர். இவற்றால் இருக்கை நிரம்பும். ஆனால் முழு விலை கொடுக்கும் வழக்கம் தேயும். முன் எடுத்துக்காட்டில் 200 பேர் முழு விலையும் 400 பேர் பாதி விலையும் கொடுத்தால்தான் அதே 12,000 டாலர் சேரும். கொட்டகை முக்கால் பங்கு நிரம்பியும் இலாபம் ஒரு காசும் இராது!

ஒருவருக்குப் பல தொழில்

குடும்பக் கொட்டகையில் வேலைப் பிரிவினைக்குக் கோடு கிழிக்க முடியாது. காலையில் தொலைபேசியில் இருக்கை பதிவு செய்தவரே மாலையில் மேடையில் பாடுவார். பிடில் வாசிப்பவர் குளிர்மாதங்களில் நாற்காலிகளைப் பழுது பார்ப்பார். இடைவேளையில் பாடகர்களே முன்கூடத்துக்கு வந்து இசைத்தட்டுகளில் கையொப்பமிட்டுக் கொடுப்பர்.

இதனைச் சிக்கனம் என்று மட்டும் கொள்ளுதல் கூடாது. பயணிகள் விரும்புவதும் இதுவே. காட்சியின் தொடக்கத்தில், யார் யார் எந்த மாநிலத்திலிருந்து வந்திருக்கின்றனர் என்று மேடையிலிருந்து கேட்பது பிரான்சனில் வழக்கம். ஐம்பதாவது திருமண நாள் காணும் தம்பதியரை எழுந்து நிற்கச் சொல்லி வாழ்த்துவர். போரில் பணிபுரிந்தோரைத் தனியே பாராட்டுவர். நாட்டுப்புறப் பாட்டும் நகைச்சுவையும் முடிந்து, தெய்வப் பாடலுடனோ நாட்டுப்பற்றுப் பாடலுடனோ காட்சி நிறைவுறும். பாட்டி முதல் பேரன் வரை ஒருங்கே அமர்ந்து பார்க்கத் தகாத சொல் ஒன்றும் மேடையில் வராது. பார்க்க வருவது ஒரு குடும்பம். பாட நிற்பதும் ஒரு குடும்பம். சென்ற ஆண்டு கைக்குழந்தையாய்க் கண்ட பிள்ளை இவ்வாண்டு மேடையில் தாளம் போடுவதைக் காணப் பலர் மீண்டும் வருகின்றனர். உறவினர் வீட்டு வளர்ச்சியைக் காணும் மகிழ்ச்சி அவர்களுக்கு.

கோமாளியின் காற்சட்டை

இக்கொட்டகைகளின் உயிர்நாடி கோமாளி. பல் கறுத்து, தொளதொளத்த உடையணிந்து, ஒன்றும் தெரியாதவன்போல் நின்று, படித்தவனை மடக்கும் மலைநாட்டான் அவன். கேரி பிரெஸ்லி ‘ஹெர்க்கிமர்’ என்ற பெயரில் இவ்வேடத்தைப் பல்லாண்டு தாங்கினார். ஜிம் மேப் ஏற்ற வேடத்தின் பெயர் ‘டிரூப்பி டிராயர்ஸ்’; தொங்கும் காற்சட்டை என்பது பொருள். அவர் மகன் டிம், ‘இளைய டிரூப்பி டிராயர்ஸ்’ என்று அவ்வேடத்தையே பின்னர் ஏற்றார். வேறு குடும்பங்களில் நிலமும் நகையும் வழிவழி வரும். இங்கே ஒரு காற்சட்டை வந்தது.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ‘ஹில்பில்லி’ என்ற சொல் மலைவாழ் ஏழைகளை இகழ நகரத்தார் வழங்கியது. அவ்விகழ்ச்சியையே வேடமாக்கி விற்பது தன் மக்களைத் தானே தாழ்த்துவதாகாதா என்று கேட்போர் உண்டு. ஆனால் மேடையில் நடப்பதைக் கூர்ந்து நோக்கினால், ஏமாறுபவன் பெரும்பாலும் கோட்டு அணிந்த நிகழ்ச்சித் தலைவனே. சிரிப்பவர்களோ தம் பாட்டன் காலத்தில் உழவராயிருந்து பட்டணம் புகுந்தவர்கள். அவர்களுக்கு அக்கோமாளி அயலான் அல்லன். ஆயினும் ஒன்று உறுதி. தன்னைப் பற்றித் தானே நகைப்பதற்கும், பிறர் நகைக்கத் தன்னை விற்பதற்கும் இடையேயுள்ள வரம்பு மிக மெல்லியது. அதனை அறிந்து நடந்த கோமாளியே பல்லாண்டு நிலைத்தான்.

நட்சத்திரங்கள் வந்த காலம்

1983-இல் ராய் கிளார்க் என்ற பெரும் புகழ் பெற்ற கலைஞரின் பெயரால் அங்கு ஓர் அரங்கு திறக்கப்பட்டது. ஊர் ஊராகப் பஸ்ஸில் அலைந்து களைத்த பாடகர்கள், மக்கள் தம்மைத் தேடி வரும் இடம் ஒன்று இருப்பதைக் கண்டுகொண்டனர். 1991 டிசம்பரில், நாடெங்கும் பார்க்கப்பட்ட தொலைக்காட்சிச் செய்தி நிகழ்ச்சி ஒன்று பிரான்சனைப் பற்றி விரிவாகக் காட்டியது. மறு ஆண்டு ஊர் திணறிற்று. 1992-இல் ஆண்டி வில்லியம்ஸ் தம் அரங்கைத் திறந்தார். அதே ஆண்டில் 4,000 இருக்கைகள் கொண்ட பேரரங்கு ஒன்றும் எழுந்தது.

அயல்நாட்டார் ஒருவரும் அங்கே வெற்றி கண்டார். ஜப்பானிலிருந்து வந்த பிடில் வித்துவான் ஷோஜி தபூச்சி, 1990-இல் தமது அரங்கைத் திறந்தார். மனைவி நிகழ்ச்சியை அமைக்க, மகள் உடன் பாட, அதுவும் குடும்ப அரங்காகவே நடந்தது. அவ்வரங்கின் கழிப்பறைகள் மலர்களாலும் பளிங்காலும் அழகு செய்யப்பட்டு, அவற்றைக் காணவே பலர் வந்தனர். வந்தவர் அமர்வது முதல் எழுந்து செல்வது வரை அனைத்தும் காட்சியே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நட்சத்திரங்களின் வருகையால் சிறு குடும்பங்கள் அழிந்துவிடும் என்று எண்ணியோர் உண்டு. நடந்தது வேறு. நட்சத்திரத்தை ஒரு முறை கண்டால் ஆவல் தீர்ந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வேறொருவரைக் காண மனம் நாடுகிறது. அவர் முதுமையுற்றாலோ மறைந்தாலோ, அவர் பெயரால் நிற்கும் அரங்கு தன் பொருளை இழக்கிறது. நாளொன்றுக்கு இரு காட்சி, வாரத்துக்கு ஆறு நாள் என்ற உழைப்பும் பலருக்கு ஒத்துவரவில்லை. பேரரங்குகள் கைமாறின; சில மூடப்பட்டன. பிரெஸ்லி குடும்பமோ நான்கு தலைமுறையினரை மேடையேற்றிய பெருமையைப் பெற்றது.

பங்காளிகளும் பிள்ளைகளும்

வெளியிலிருந்து வரும் போட்டியைக் காட்டிலும் வீட்டுக்குள் எழும் கேள்விகளே கடினமானவை. மேப் சகோதரர் நால்வருள் பாப், 1970-களின் பிற்பகுதியில் பிரிந்து சென்று தமக்கெனத் தனிக் கொட்டகை நிறுவினார். அண்ணன் தம்பியர் கூட்டாக உழும் நிலம் அவர்தம் பிள்ளைகள் காலத்தில் பங்கு பிரிவது இயல்பு. நிலத்தைப் பிரிக்கலாம், மேடையைப் பிரிக்க இயலுமா? எந்தப் பேரனுக்கு முதற் பாட்டு, எந்த மருமகள் கணக்குப் பார்ப்பது என்பவை இசையால் தீர்வன அல்ல.

குரல் வளம் பிறப்புரிமையன்று. பாடத் தெரியாத பிள்ளைக்கு ஒலி, ஒளி அமைப்பிலோ அலுவலகத்திலோ இடம் உண்டு. பாட விரும்பாத பிள்ளைக்கு என்ன இடம்? ஐந்து வயதில் மேடையேறிய சிறுவன் இருபது வயதில், “இது நான் தேர்ந்த வாழ்க்கையா?” என்று கேட்டால், அதற்கு மறுமொழி கூறும் கடமை பெற்றோர்க்கு உண்டு. பிள்ளைகள் விரும்பாத நாளில், சாலையோர நிலத்தின் விலை கொட்டகையின் வருவாயைவிடப் பெரிதாகத் தோன்றும்.

இயற்கையும் சோதிக்கும். 2012 பிப்ரவரி 29-ஆம் நாள் விடியுமுன் சுழற்காற்று நெடுஞ்சாலை 76-ஐத் தாக்கிற்று. கலையரங்குகள் சிலவும் சேதமுற்றன. பருவம் தொடங்காத காலமாதலால் ஊரில் கூட்டமில்லை. பழுது பார்த்து மீண்டும் திறக்க முனைந்தனர். 2020-இல் கொரோனாத் தொற்று வந்தபோது, சுழற்காற்று செய்யாததை அது செய்தது. கட்டடங்களைத் தொடாமலே கொட்டகைகளை அடைத்தது.

இவை யாவற்றையும் நோக்கும்போது, குடும்பக் கொட்டகையை நிலைநிறுத்துவது மூன்று. முதலாவது, தோல்வியையும் கணக்கில் வைத்துக் கட்டுவது. இரண்டாவது, வருபவரை விருந்தினராக நடத்தி, மறு ஆண்டும் வரச் செய்வது. மூன்றாவது, அடுத்த தலைமுறையைக் கட்டாயத்தால் அன்றி விருப்பத்தால் மேடைக்கு அழைப்பது. முதலிரண்டையும் பணத்தாலும் பழக்கத்தாலும் பெறலாம். மூன்றாவதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் பெற்றாக வேண்டும்.

தரையைத் தட்டையாக அமைத்த அன்று, ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்பதே பிரெஸ்லிகளின் கவலை. ஆள் வந்தனர். ஒரு குடும்பத்தின் நெடிய வாழ்வில் மிஞ்சி நிற்கும் கவலை வேறு: கேட்க ஆள் இருந்தும் பாட ஆள் இல்லாமற் போகும் நாள். அந்நாளுக்கு ஏற்ற தரையை எந்தக் கொத்தனாரும் கட்டித் தர முடியாது.